பாத்திரத்தின் பெயர் இவர்

உளுந்தைப் போட்டாகிவிட்டது. இனி இந்தச் சமையலறை கொஞ்ச நேரத்துக்கு எனக்கு மட்டும்தான். கிரைண்டர் ஓடுகிற வரைக்கும் என் மகள் ஹேமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஹாலில் உட்கார்ந்து பெங்களூர் ஆபீஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். நான் இங்கே வாய்விட்டுப் பேசினாலும், கத்தினாலும் யாருக்கும் கேட்காது. வாய்விட்டுப் பேசிப் பார்க்கத்தான் வகுப்பில் ஃபரூக் சார் சொல்லியிருக்கிறார். வசனத்தை மனசுக்குள்ளேயே எழுதினால் கட்டுரை மாதிரி வருமாம், சொல்லிப் பார்த்து எழுத வேண்டுமாம், நாக்குக்கு எது வருகிறதோ அதுதான் வசனமாம். சாருக்கு என் மகள் வயசுகூட இருக்காது. முதல் நாள் தம்பி என்று கூப்பிட்டுவிட்டேன், வகுப்பே திரும்பிப் பார்த்தது, அதிலிருந்து சார். திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் ஹேமா சிரித்தாள். யோகாவுக்குப் போம்மா, வாக்கிங் குரூப்ல சேரும்மா, மனசுக்கு நல்லது என்றாள். என் மனசுக்கு என்ன வந்தது? சாலிகிராமத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரில் ஒட்டியிருந்தது, சனிக்கிழமை தோறும் திரைக்கதைப் பயிற்சி, முன் அனுபவம் தேவையில்லை என்று. முன் அனுபவம் தேவையில்லை என்று எதற்காவது போட்டிருந்தால் உடனே பார்த்துவிடுகிற வயசாகிவிட்டது எனக்கு. அரிசி ஊறுகிற கிண்ணத்துக்குப் பக்கத்தில் தாளை வைத்திருக்கிறேன். தாளின் தலையில் எழுதியும்விட்டேன். உள். மருத்துவமனை. பகல். அதோடு நிற்கிறது. பகல் என்று போட்டது சரியா என்றுகூடத் தெரியவில்லை. அந்த ஐ.சி.யூ.வில் ஏது பகல், எந்நேரமும் டியூப்லைட்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பகல்தான். வெளியே வராந்தாவில் சாப்பாட்டுக் கேரியர்கள் வந்துகொண்டிருந்தன, சாம்பார் வாசனை அடித்தது, எனக்குப் பசித்தது, பசித்ததற்கு வெட்கமாக இருந்தது. இதையெல்லாம் எழுதக் கூடாது. கேமராவுக்கு வாசனை தெரியாதும்மா, கேமராவுக்கு நினைப்பு தெரியாது, பாக்குறதையும் கேக்குறதையும் மட்டும் எழுதுங்க என்று சார் எத்தனை தடவை சொல்லிவிட்டார். நினைக்கிறாள் என்று நான் எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறார். நினைப்பை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது சார் என்று கேட்க நினைத்தேன்.

நாளையோடு வகுப்பு முடிகிறது. நாடகக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், ஒரு ஆண், ஒரு பெண். ஆளுக்கு ஒரு காட்சி, எழுதியதை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். அதற்காகத்தான் நான் சேர்ந்ததே. அது ஹேமாவுக்குத் தெரியாது, சாருக்கும் தெரியாது. அந்த ஐ.சி.யூ.வில் இவர் கடைசியாக வாயைத் திறந்து என்னவோ சொன்னார், சத்தம் வரவில்லை, அது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். அதை நான் கண்டுபிடித்து எழுதிவிட்டால் நாளைக்கு ஒரு ஆம்பிளைக் குரல் அதை வாய்விட்டுச் சொல்லும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், பரிசு வேண்டாம், அந்த ஒரு வசனத்தை ஒரு தடவை காதால் கேட்டால் போதும். உளுந்து ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தள்ளிவிட வேண்டும். கை பாட்டுக்குத் தண்ணீரைத் தொட்டுத் தள்ளிவிடுகிறது, கைக்கு இதெல்லாம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்த வயசில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது இருக்கிறதே, தெரியாதவர்கள் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி இருக்கிறது. பாத்திரம் என்றால் எனக்குத் தேய்க்கிற பாத்திரம்தான் சார் தெரியும் என்று முதல் வாரம் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், அது வேடிக்கைக்குச் சொன்னது. இரண்டாம் வாரம் சிரித்தது அப்படி இல்லை. ஒரு அறை, இரண்டு பேர், சின்னதாக ஒரு சண்டை, எழுதி வாருங்கள் என்றார். காலைக் காப்பியை எழுதிக்கொண்டு போனேன். நடுவில் பெயர், அதற்குக் கீழே வசனம், பேசுகிற ஒவ்வொரு தடவையும் மறுபடி பெயர் போட வேண்டும், அதுதான் முறை. ஜெனிபர் என்ற பெண் எழுந்து நின்று கணீரென்று வாசித்தாள். "இவர். காப்பி ஆறிடுச்சு. கோமளவல்லி. ஆறுனா சூடு பண்ணித் தரேன். இவர். சூடு பண்ணுனா நல்லாருக்காது." சார் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். யாரும்மா இந்த இவர்?" இவர்தான் சார் என்றேன். "எவர்?" எங்க வீட்ல இவர் சார். அவ்வளவுதான், ஹாலே சிரித்தது. "கேரக்டருக்குப் பேர் இருக்கணும்மா. இவர்னு போட்டா, வாசிக்கிறவங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவரைப் பாப்பாங்க" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் நெளிந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

பக்தி கிக்தி ஒன்றும் இல்லை. வாயில் வராது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அம்மா சொல்லி அனுப்பினாள், பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று. அதை நம்பினேனா என்றால் நம்பவில்லை, ஆனால் எதற்கு வம்பு என்று சொல்லாமல் இருந்தேன், அப்படியே பழகிவிட்டது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயர் கேட்டால் ஹேமாவின் தோளை இடிப்பேன், அவள் இல்லாவிட்டால் சாமி பேருக்கே பண்ணிடுங்க என்றுவிடுவேன். பாரம் எதையாவது நிரப்பும்போது இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், அது என்னவோ இவர் பெயர் மாதிரியே இருக்காது, கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கும். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை நான். ஆயுசு மட்டும் எங்கே நின்றது? ரிட்டயர் ஆகி நிம்மதியாக ஒரு தீபாவளி சரியாகக் கொண்டாடவில்லை. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். சார் சொன்னாரே என்று பெயரை மாற்றினேன். சேகர் என்று போட்டேன். சேகர் லுங்கியை மடித்துக் கட்டுகிறார் என்று எழுதினேன், சார் அந்த 'ர்' மேல் கோடு போட்டு 'ன்' என்று திருத்தினார். "கேரக்டருக்கு மரியாதை வேண்டாம்மா. கேமராவுக்கு எல்லாருமே அவன் இவன்தான்." சரி என்று கட்டுகிறான் என்று எழுதினேன். எழுதியதும் யாரோ ஒரு சேகர் எங்கள் வீட்டு ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். தலைக்கு டை அடித்திருக்கிறான், விளம்பரத்தில் வருகிற மாதிரிப் பல்லைக் காட்டுகிறான், என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கிறான். குடித்துவிட்டு நல்லாருக்கு கோமளா என்றான் பாருங்கள், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இவர் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, காப்பி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. நன்றாக இல்லாவிட்டால் மட்டும் சொல்வார்.

அப்படியானால் என்னதான் பேசினார். அதுதான் புரியாமல் அலைகிறேன். சார் கேட்டார், "ஒவ்வொரு ஆளுக்கும் அடிக்கடி சொல்ற வார்த்தை ஒன்னு இருக்கும்மா, அதப் புடிச்சிட்டா ஆளையே புடிச்சிடலாம். உங்க கேரக்டர் அடிக்கடி சொல்ற வார்த்தை என்ன?" ஒரு வாரம் யோசித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருக்கிறேன், ஒரு வார்த்தை அகப்படவில்லை. கரண்டைப் பற்றிப் பேசுவார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், வீட்டிலும் அதே பேச்சுதான். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அப்போது பழசு, சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கிவிடும், கிரைண்டர் முனகும், ஃபேன் இறக்கை ஒவ்வொன்றாகத் தெரியும். தெருவே என்னைப் பார்த்துக் கேட்கும், வீட்டுக்குள்ளயே லைன் இன்ஸ்பெக்டரை வெச்சுக்கிட்டு இப்படி இருக்கலாமா என்று. அவருக்கு அது ஒரு மானப் பிரச்சினை. எழுதிப் போட்டார், நேரில் போனார், ரிட்டயர் ஆன பிறகும் பழைய ஆபீஸுக்குப் போன் போட்டு, அந்த லோடுக்கு அது தாங்காது சார், மாத்திக் குடுங்க சார் என்று தனக்குக் கீழ் வேலை பார்த்த பையன்களையே சார் போட்டுக் கெஞ்சினார். இதெல்லாம் வசனம்தான், ஆனால் இதெல்லாம் அவர்களோடு பேசியது. என்னோடு? என்னோடு பேச்சு என்றால் நான்தான் பேசுவேன். என்னங்க என்பேன். பேப்பருக்குள்ளிருந்து ஒரு குரல் வரும், தலைகூட நிமிராது, அது போதும் எனக்கு, நான் பாட்டுக்கு ஆரம்பித்துவிடுவேன். கீரைக்காரி வராதது, மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது, முழங்கால் வலி, எல்லாம். கேட்டாரா கேட்கவில்லையா என்று தெரியாது. எப்போதாவது நாலு நாள் கழித்து, அந்த வரன் என்னாச்சு என்பார், அப்போதுதான் கேட்டிருக்கிறார் என்று தெரியும். இதில் எதை வசனமாக எழுத. அரிசியைத் தொட்டுப் பார்த்தேன், ஊறிவிட்டது. உளுந்து இன்னும் பொங்க வேண்டும்.

அந்த நாளை எழுது கோமளா, அந்த நாளை மட்டும் எழுது. பார்த்ததை எழுது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கண் மூடியபடி இருக்கிறார். நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துப் பெண், குட்டையாக, சுறுசுறுப்பாக. படுக்கையின் மேல் குனிந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை, சாரும் போட்டு, காது கேட்காதவரைக் கூப்பிடுகிற மாதிரி. அசைவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. வீட்டு ஆளுங்க குரலுக்குச் சில நேரம் முழிப்பாங்க." நான் ஹேமாவைத் தேடினேன். ஹேமா மருந்து வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் காத்துக்கொண்டு நின்றாள், பக்கத்துப் படுக்கைகளில் எல்லாம் மிஷின் சத்தம். எனக்கு வந்தது ஒன்றுதான். என்னங்க என்றேன். "பேர் சொல்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண், அவளுக்கு என்ன தெரியும். இன்னொரு தடவை என்னங்க என்றேன், கொஞ்சம் உரக்க. கண் திறந்தது. பேருக்குத் திறக்காத கண் அதற்குத் திறந்தது. நேராக என்னைப் பார்த்தார், தலை தெளிவாக இருக்கிறபோது பார்க்கிற அதே பார்வை. பிறகு வாய் அசைந்தது. ஒரு பக்க உதடுதான் அசைந்தது, முன்னால் குவிந்தது, உள்ளே நாக்கு மேலே போய் ஒட்டியது தெரிந்தது, அவ்வளவுதான், காற்று மட்டும் வந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பதறிப்போய்த் தண்ணியா, தண்ணி வேணுமா என்றேன். "தண்ணி குடுக்கக் கூடாதும்மா, பஞ்சை நனைச்சு உதட்டுல வைங்க" என்று பஞ்சைக் கையில் கொடுத்தாள். வைத்தேன். அந்த உதடு ஈரத்தை வாங்கிக்கொள்ளவில்லை, தாடையில் வழிந்தது, முந்தானையால் துடைத்தேன். கண் அப்போதும் என்மேல்தான் இருந்தது. நேரமாச்சு, வெளியே போங்க என்றார்கள். அதற்கப்புறம் அந்தக் கண் திறக்கவில்லை.

ஹேமா தன் பெயரைத்தான் சொல்லியிருப்பார் என்கிறாள். "என்னத்தான்மா தேடியிருப்பாரு, நான்தான் அந்த நேரம் பாத்துக் கீழ போயிட்டேன்" என்று சொல்லி அழுவாள். அழட்டும், அவளுக்கு அப்பா. ஆனால் ஹேமா என்றால் உதடு மூடித் திறக்க வேண்டும், மா இருக்கிறதே. நான் பார்த்தபோது உதடு மூடவே இல்லை. எவர்சில்வர் தூக்கு மூடியைத் துடைத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். தண்ணி என்றால் உதடு குவியாது, அகலும். அன்றைக்கே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போறேன் என்றால் முதலிலேயே உதடு ஒட்டும், அதுவும் இல்லை. கோமளா. கோ குவிகிறது. ரொம்ப நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன், கடைசி கடைசியாக என் பெயரைச் சொல்லிவிட்டார் என்று ஒரு ஆசை, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மூடியில் பார்த்தால் கோவுக்கு அடுத்து ம வந்து உதட்டை மூடிவிடுகிறது. ஒரு பக்கத்து உதட்டால் சொன்னால் எப்படி இருக்கும் என்று விரலால் இந்தப் பக்க உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அப்போதும் மூடுகிறது. பைத்தியக்காரி மாதிரிச் சமையலறையில் நின்று வாயைக் கோணிக்கொண்டிருக்கிறேன், நல்லவேளை கிரைண்டர் ஓடுகிறது. பயம் எனக்கு எதில் என்றால், நாளைக்கு அந்த நாடகக்காரர் வாயைத் திறந்து, நான் எழுதிக் கொடுக்கிற எதையோ சொல்லிவிடுவார். பார்த்துக்கோ கோமளா என்றோ, உனக்கு நான் ஒன்றும் செய்யலை என்றோ. எல்லோரும் கைதட்டுவார்கள். அதற்கப்புறம் எனக்கு இவர் குரல் வராது, அந்த ஆளுடைய குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும், சேகர் வந்து உட்கார்ந்த மாதிரி. இப்போதே இவர் குரல் தேய்ந்துகொண்டு வருகிறது. இருமல் ஞாபகம் இருக்கிறது, செருப்புச் சத்தம் ஞாபகம் இருக்கிறது, போனில் மின்வாரியத்துக்காரர்களிடம் பேசுவது ஞாபகம் இருக்கிறது, என்னோடு பேசின குரல்தான் நழுவிப் போகிறது. முதலில் இருந்து சொல்லிப் பாருங்கள் என்பார் சார், வசனம் வராவிட்டால் அதற்கு முன்னால் இருக்கிற வசனத்தைச் சொல்லிப் பாருங்கள், அது தன்னால் இழுத்துக்கொண்டு வரும். முன்னால் இருக்கிற வசனம் என்னுடையது. சரி. தூக்கு மூடியைக் கீழே வைத்தேன். படுக்கை இதோ, இந்த மேடைதான். நர்ஸ் அங்கே. என்னங்க. கிரைண்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். "என்னங்க!"

கரண்ட் போய்விட்டது. கல் நின்றது, ஃபேன் நின்றது, ஹாலில் ஹேமாவின் பேச்சும் நின்றது. என் குரல் மட்டும் வீடு முழுக்கப் போய் அடித்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் அசையாமல் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமலே நின்றேன், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, காதை ஹால் பக்கம் கொடுத்துக்கொண்டு. கரண்ட் போனால் நான் கூப்பிடுகிறதும், கூப்பிட்டுவிட்டு இப்படி ஒரு நொடி நிற்கிறதும் இந்த உடம்புக்குப் பழக்கம். அந்த ஒரு நொடியில் ஹாலிலிருந்து ஒன்று வரும். தினமும் வரும். அது வந்தால்தான் நான் ஆரம்பிப்பேன். பேப்பருக்குள்ளிருந்து, குளியலறைக்குள்ளிருந்து, தூக்கத்திலிருந்து, சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற நாளில்கூட வரும். அதை ஒரு வார்த்தை என்றே நான் வைத்துக்கொள்ளவில்லை, கதவைத் தட்டினால் கதவு திறக்கிற சத்தம், அதைப் போய் யார் வசனம் என்று எழுதுவார்கள். சொல்லு. சொல்லு என்பார். நான் என்னங்க என்றால் அவர் சொல்லு என்பார், வேறு எதுவும் சொன்னதே இல்லை. இருட்டிப்போன சமையலறையில் நின்று வாயைத் திறந்து சத்தமில்லாமல் அதைச் சொன்னேன். உதடு குவிந்தது. நாக்கு மேலே போய் ஒட்டியது. மூடி தேவைப்படவில்லை. "அம்மா?" என்றாள் ஹேமா கதவைத் திறந்து. "என்னையா கூப்ட்ட?" இல்லை என்றேன். "பின்ன யாரை?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் கேட்டிருக்க வேண்டாம் என்று அவள் முகம் மாறியது. "போம்மா, உன் வேலையைப் பாரு, கரண்ட் இப்ப வந்துடும்" என்றேன். போனாள். அழுகை வந்தது. ஒரு வருஷமாக அவர் எனக்கு என்னவோ சொல்லிவிட்டுப் போனார், எனக்குக் கேட்கவில்லை என்று அலைந்துகொண்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கூப்பிட்டேன், சொல்லு என்றார், நான் சொல்லுவேன் என்று கண்ணைத் திறந்துகொண்டு காத்திருந்தார். நான் பஞ்சை நனைத்து வைத்தேன். சொல்வதற்கு என்னிடம் இருந்தது. லிஃப்டில் ஏறும்போதே நினைத்துக்கொண்டுதான் போனேன், முழிப்பு வந்தால் முதலில் இதைச் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவார் என்று. முழிப்பு வந்ததும் மறந்துவிட்டேன்.

ஜன்னல் பக்கம் தாளைக் கொண்டுபோனேன், அங்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கையில் உளுந்து, தாளில் ஒட்டியது, ஒட்டட்டும். நடுவில் கோமளவல்லி என்று எழுதி அதற்குக் கீழே என்னங்க என்று எழுதினேன். அடுத்து அவர் பெயர் வர வேண்டும். சேகர் இல்லை. சேகரைப் பார்த்து நான் என்னங்க என்றால் எவன் சொல்லு என்பான்? இவர் என்று போடலாம், ஆனால் நாளைக்கு அந்த நாடகக்காரர் இவர் என்றால் யார் என்று தெரியாமல் விழிப்பார், வாத்தியார் நெளிவார், எல்லோரும் சிரிப்பார்கள். இந்த வசனத்துக்கு யாரும் சிரிக்கக் கூடாது. வை என்று முதல் எழுத்தை எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன், அழகான பெயர். குறைவதற்கு இனி ஆயுசும் இல்லை. அதற்குக் கீழே அவர் வசனத்தை எழுதினேன். அதற்குக் கீழே மறுபடியும் என் பெயரை எழுதினேன். வசனம் ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாதும்மா என்று சார் சொல்லியிருக்கிறார், போகட்டும்.

கோமளவல்லி
என்னங்க.

வைத்தியலிங்கம்
சொல்லு.

கோமளவல்லி
நம்ம தெரு டிரான்ஸ்ஃபார்மரை மாத்திட்டாங்க. நேத்துதான் லாரில கொண்டாந்து வெச்சாங்க, புதுசு. உங்க ஆபீஸ் பையன்தான் நின்னு பாத்தான், சார்கிட்ட சொல்லிடுங்கம்மான்னான். தெருவே வந்து நின்னு பாத்துச்சுங்க. நீங்க மட்டுந்தான் இல்ல. இப்ப கிரைண்டர் முனகுறதே இல்லங்க. நல்லா ஓடுது.